மெசின் மெதுவாக ஓடவேண்டும்

உலகத்தில் எந்த மெக்கானிக்கிடம் வருகிறவரும் வேகமாக ஓட வைத்துத் தரச்சொல்லித்தான் கேட்பார். வல்வெட்டித்துறையில் நான் வள்ளங்களின் பின்பக்கத்தில் பூட்டுகிற மெசின் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் மட்டும் மெதுவாக ஓட வைத்துத் தரச்சொல்லிக் கெஞ்சினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கடலில் நேவியின் பீரங்கி பூட்டிய கன்போட்டுகள் நின்றன. பெடியள் என்று நாங்கள் சொல்லும் இயக்கக்காரரின் சண்டை வள்ளங்களும் அதே கடலில்தான் திரிந்தன. இரண்டுக்கும் நடுவில் வலை போடப் போனவர்கள் என்னுடைய வாடிக்கையாளர்கள். கன்போட்டில் நின்று பார்க்கிறவனுக்கு வேகமாக ஓடுகிற வள்ளமெல்லாம் சண்டை வள்ளம்தான். உள்ளே கிடப்பது வலையா வேறேதுமா என்று கிட்ட வந்து பார்த்துவிட்டா சுடப்போகிறான்? கரையில் நின்று ஒரு ஆளுக்காகக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்லப்போவது விளங்கும்.

திருத்தினதும் குற்றம்

சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்த ஒரு சம்மாட்டியார் தன் மெசின் இழுவையில்லை என்று கொண்டுவந்து போட்டார். முழுநாளும் மினக்கெட்டு, காபரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கைச் சுரண்டிப் பூட்டிக் கொடுத்தேன். கடலில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தார். அரைமணித்தியாலத்தில் திரும்பி வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. வள்ளம் பறக்கிறதாம். பழையபடி ஆக்கித் தரட்டாம்.

எனக்குக் கோபம் வந்தது. பழுதாக்குவதற்கா தொழில் படித்தேன்? ஆனாலும் வேகத்தைக் கூட்டுகிற திறொட்டில் அரைவாசிக்கு மேல் திறக்காதபடி கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். கட்டி முடியுமட்டும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், எழும்பும்போது சொன்னார்: "தம்பி, நான் திருத்தத்தான் தந்தனான். என்னைச் சாகக்குடுக்கத் தரேல்லை."

இருமல்

பெற்றோலைக் கண்ணால் காண முடியாத நாட்கள். நாலு துளி பெற்றோல் விட்டு மெசினை ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். மண்ணெண்ணெய் குடித்த மெசின் இருமும், புகை கக்கும், நடுக்கடலில் நின்றும்போகும். ஒருவருடைய மெசின் மூச்சுக்கு மூச்சு இருமியது. அந்தச் சத்தத்தைத் தாங்கமாட்டாமல், சும்மாவே சரிசெய்து தருகிறேன் என்று ஸ்பனரைக் கையில் எடுத்தேன். மனுசன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டார்: "விடு தம்பி, அது இருமட்டும். இருமிக்கொண்டு போறவனை ஒருத்தனும் சந்தேகப்படமாட்டான்."

கை அரிப்பு

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். அத்தானின் மெசின் என் கைக்கு வந்தது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தனியாகக் கடலுக்குப் போகிறவர். எனக்கும் மூன்று வேளைச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். மாதக்கணக்காக அரைகுறை வேலை செய்து செய்து எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு மெசினையாவது ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று ஆசை. எங்கேயோ கழித்துப் போட்டிருந்த மெசினிலிருந்து நல்ல பிஸ்ரன் றிங் இரண்டு எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு துண்டாகக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். மண்ணெண்ணெயிலும் இருமவில்லை. இப்படியொரு வேலையை அதற்கு முன் நான் செய்ததில்லை. கம்பி கட்டவும் மனம் வரவில்லை. அத்தான் கரையோரமாக ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு இறங்கினார்: "மச்சான், தண்ணியிலை போற மாதிரியே இல்லையடா. தார் றோட்டிலை போற மாதிரிக் கிடக்கு."

பத்துமணிச் சண்டை

மறுநாள் விடியமுன்னமே அத்தான் கடலுக்குப் போய்விட்டார். காலை பத்துமணியிருக்கும். வடக்கே கடலில் முதல் வெடி கேட்டது. என் கடையின் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், தூரத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு கன்போட்டுகள். அவற்றைச் சுற்றிப் பெடியளின் சின்ன வள்ளங்கள் வெள்ளை நுரை கிளப்பிக்கொண்டு வளைந்து வளைந்து ஓடின. முதலில் பளிச்சென்று நெருப்புத் தெரியும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். குண்டு விழுந்த இடத்தில் தண்ணீர் பனை உயரம் எழும்பியது. ஒரு கன்போட்டின் பின்பக்கத்தில் புகை பிடித்தது. அது எரிகிறதா, புகையைக் கிளப்பிவிட்டு ஓடுகிறதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கடலுக்குப் போனவர்களின் பெண்டுகள் எல்லாரும் என் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். எந்த மெசினையும் சத்தத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன் என்று ஊரில் ஒரு பேச்சு. சும்மா நாட்களில் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு என் காதில் விழுந்தது வெடிச்சத்தமும் என் நெஞ்சு அடிக்கிற சத்தமும்தான். ஆனாலும் ஒரு பெண் என் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுப்பினாள்: "எல்லாம் நீ கைவைச்ச மெசின்தானே தம்பி? ஒருக்காக் கேட்டுச் சொல்லன், என்ரை மனுசன் வாறாரோ எண்டு!"

அக்காவுக்குச் சொன்னது

பதினொரு மணிபோல அக்கா வந்தாள். அழவில்லை. மற்றவர்களுக்கு அவள்தான் ஆறுதல் சொன்னாள். "இவருக்குப் பயமில்லை. தம்பி மெசினை நல்லாச் செய்து குடுத்திருக்கிறான். ஒரே ஓட்டத்திலை வந்திடுவார்" என்றாள். அவளை ஒருபக்கம் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன்: அவர் வேகமாக ஓடி வந்தால் கன்போட்டுக்காரன் அவரையும் சண்டைக்காரன் என்றுதான் நினைப்பான்; கம்பி கட்டியிருந்தால் அரைவேகத்தில் வந்திருப்பார்; என் திமிரில் கட்டாமல் விட்டுவிட்டேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் கடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அப்ப வைரவரிட்டை நேரடா. உன்ரை வேலை பிழைச்சுப் போகவேணும் எண்டு நேர்."

நேர்ந்தேன். என் கையால் பூட்டிய ஒவ்வொரு ஆணியாக நினைத்து, இது கழலட்டும், இது உடையட்டும் என்று நேர்ந்தேன்.

கரைக்கு வந்தவர்கள்

மதியத்துக்குப் பிறகு வெடி ஓய்ந்தது. கன்போட்டுகள் கிழக்கே போய் மறைந்தன. வள்ளங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. இருமல் மெசின்காரர் இருமிக்கொண்டே வந்தார். சம்மாட்டியாரும் அரைவேகத்தில் வந்து சேர்ந்தார். அத்தானைக் கண்டீர்களோ என்று கேட்டோம். சம்மாட்டியார் அக்காவின் முகத்தைப் பாராமல் என்னிடம் மட்டும் சொன்னார்: "ஒரு வள்ளம் கரைப்பக்கம் பறந்து வந்ததைக் கண்டனான் தம்பி. கன்போட் அதுக்கு நேரை திரும்பினது. அதுக்குப் பிறகு நான் திரும்பிப் பாக்கேல்லை."

நாலரை மணி

நாலரை மணியளவில் ஒரு வள்ளம் தெரிந்தது. மெசின் சத்தம் இல்லை. ஒரு ஆள் தண்டு வலித்துக்கொண்டு வந்தார். அக்கா இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அத்தான்தான். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து இரத்தமாக இருந்தன. வள்ளத்தின் பின்பக்கத்தில் மெசின் இல்லை.

வேகமாக ஓடிவரும்போது கன்போட் தன் பக்கம் திரும்பியதைக் கண்டிருக்கிறார். முதல் குண்டு முன்னால் விழுந்தது. இரண்டாவது கிட்ட விழுந்தது. மெசினை நிற்பாட்டினார். நிற்பாட்டினால் மட்டும் போதாது, இப்படிப் பறக்கிற மெசின் வள்ளத்தில் கிடந்தால் சண்டைக்காரன் என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பட்டதாம். வள்ளத்தோடு பிடித்திருந்த பூட்டைத் தளர்த்தி அதைக் கடலுக்குள் தள்ளிவிட்டு, போட்டிருந்த சேட்டைக் கழற்றி உயர்த்திப் பிடித்தபடி எழும்பி நின்றிருக்கிறார். கன்போட் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டது.

நான் அவர் காலடியில் ஈரமணலில் இருந்துவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அத்தான் உரிந்த கையால் என் தலையைத் தட்டினார்: "நீ அழாதை மச்சான். நல்லாத்தான் செய்து தந்தனீ. அது நல்லா ஓடினபடியாத்தான் கடலிலை தள்ளவேண்டி வந்தது."

அன்று மாலை வானொலியில் இரண்டு பகுதியாரும் தாங்களே வென்றதாகச் சொன்னார்கள்; என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த வேலை மட்டும் வல்வெட்டித்துறைக் கடலின் அடியில் கிடக்கிறது, அதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.