தேசிச்சாறும் ஐந்து விரல்களும்

நேற்று மத்தியானம் மகள் முற்றத்தில் நின்று தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, பிழிந்தாள். கையைக் கழுவிவிட்டு வெயிலில் நிற்கும்படி என் வாய் தானாகவே சொல்லிற்று. அவள் சிரித்தாள். உங்களுக்கும் சிரிப்பு வரலாம். அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு ஒரு சிறு பிள்ளை நினைவுக்கு வந்துவிடுவாள்.

நான் அப்போது புளியந்தீவில் ஓர் ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டில் புது நேர்ஸ். தலையில் தொப்பி நேராக நிற்கிறதா என்பதுதான் என் பெரிய கவலை. கரடியனாற்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். தோளில் ஐந்து விரல்களும் பதிந்த சிவந்த தடம், அதன்மேல் கொப்புளங்கள். தாய் குவைத்தில், வளர்ப்பவள் சின்னம்மா. அவள் சூடு வைத்துவிட்டாள் என்று அயலில் கதை. பிள்ளையைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்ப நன்னடத்தை அதிகாரியும் வந்துவிட்டார். சின்னம்மா அழவில்லை. "நான் சுடல்ல" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தோல் டொக்டர் குள்ளமான பெண்மணி. யாரோடும் பேசாமல் கட்டிலில் ஏறி, பிள்ளைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முழங்கை வரை ஒழுகியிருந்த சிவப்புக் கோடுகளைத் தடவிப் பார்த்தார்.

"மகள், வெயிலுக்க என்ன விளையாடினீங்க?"

"சர்பத் கடை."

தேசிக்காய் ஏதென்று கேட்டார். சின்னம்மா ஊறுகாய்க்கு வெட்டிக்கொண்டிருந்தாளாம்.

"அந்தக் கையோடதான் நான் இவளத் தூக்கின, டொக்டர்."

தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் சுட்டதுபோல வெந்துவிடும் என்றார் டொக்டர். அதிகாரி நம்பவில்லை. டொக்டர் வாதாடவில்லை. தேசிக்காய் வாங்குவித்து, தன் கையில் இரண்டு இடத்தில் பூசி, ஒன்றைத் துணியால் கட்டிக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் அதிகாரியை அழைத்துக் கட்டை அவிழ்த்தார். மூடியிருந்த இடம் சுத்தம். மற்றது கொப்புளித்திருந்தது. அதிகாரி நெடுநேரம் பார்த்துவிட்டுச் சின்னம்மாவிடம் திரும்பினார்.

"புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போங்க."

அப்போதுதான் அவள் அழுதாள்.

பிள்ளையின் தோளில் கறுத்துப்போன தடம் மாதக்கணக்கில் மங்கியது. கிளினிக்குக்கு வந்த கடைசி நாளில், விரல்கள் எங்கே இருந்தன என்று நான் தேடித்தான் பார்த்தேன். பழைய வார்டை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். டொக்டர் அதற்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டார். விடைபெற்றபோதும் அவர் கையில் அந்தக் கறை லேசாகத் தெரிந்தது. இப்போது அதுவும் மறைந்திருக்கும்.