மில்லில் அம்மாவுக்குப் பின்னால் நிற்பவர்

"என் தூள் நல்லா இருக்கா, அவ தூள் நல்லா இருக்கா? உண்மையைச் சொல்லுடி."

அம்மா இப்படிக் கேட்டபோது என் முன்னால் இரண்டு கிண்ணங்களில் கோழிக்கறி இருந்தது. ஒன்று அம்மா சமைத்தது. மற்றது பக்கத்து வீட்டு மஸீனா ஆன்ட்டி கொடுத்தனுப்பியது. இரண்டிலும் பாண் துண்டைத் தொட்டுச் சாப்பிட்டேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

"ரெண்டும் நல்லா இருக்கும்மா."

"அப்படியே உங்கப்பா பேச்சு" என்று சொல்லி, ஆன்ட்டியின் கிண்ணத்தை மட்டும் கழுவ எடுத்துப் போனார். அதில் இன்னும் பாதிக் கறி இருந்தது.

என் அம்மா பெயர் நேசம்மா. மாத்தளை டவுனில் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அவர் 'டீச்சர்'தான். சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டால் "விட்டுக் கொடுக்கணும்" என்று பாட்டுப் பாடிச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் கறித்தூள் விஷயத்தில் அவர் யாருக்கும் எதையும் விட்டுக் கொடுக்க மாட்டார். நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட்ஸ் வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வீட்டுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அதனால் இந்தக் கதையை முழுவதும் பார்க்கக் கிடைத்தது.

ஆன்ட்டி குடிவருவதற்கு முன்பு ஒழுங்கையில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் "டீச்சர்கிட்ட கொஞ்சம் தூள் வாங்கிட்டு வா" என்பார்கள். பிறகு அந்தப் பேச்சு "மஸீனாகிட்ட வாங்கிட்டு வா" என்று மாறிவிட்டது. ஆன்ட்டியின் புருஷன் மிளகு, கராம்பு வியாபாரி. "நல்ல சாமான் முதல்ல அவ வீட்டுக்குத்தானே போகுது, யார் செய்தாலும் மணக்கும்" என்றார் அம்மா. இரத்தோட்டையில் தோட்டம் வைத்திருப்பவரிடம் நேராகப் போய்க் கறுவாவும் ஏலக்காயும் வாங்கி வந்தார். அப்போதும் ஊர் ஆன்ட்டியின் தூளைத்தான் கேட்டது.

அடுத்து, ரகசியம் கத்தியில் இருக்கிறது என்று அம்மா முடிவு செய்தார். ஆன்ட்டி வெட்டும் வெங்காயம் காகிதம் போல் இருக்கும். மெல்லிய வெங்காயம் எண்ணெயில் ஒரே மாதிரிப் பொன்னிறமாகும், தூளின் வாசத்தைச் சீராகப் பிடிக்கும். இது உண்மைதான். அம்மா கொல்லரிடம் போய், "மஸீனாவுக்கு அடிச்சுக் கொடுத்தீங்களே, அதே மாதிரி, கொஞ்சமும் மாறாம" என்று கத்தி செய்யச் சொன்னார். கத்தி வந்தது. அழகான கத்தி. ஆனால் வெங்காயம் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் ஒன்றுமில்லாமலும் வந்தது. இரண்டாம் நாள் விரலும் வெட்டுப்பட்டது.

விரல் கட்டைப் பார்க்க வந்த ஆன்ட்டி கத்தியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அல்லாவே, டீச்சர்! இது என்ட கத்தி மாதிரியே செஞ்சதா? நான் வெட்டுறது இடக்கையால. கூர ஒரு பக்கம் மட்டும் தீட்டச் சொன்னது அதுக்குத்தான்."

ஆன்ட்டி சாப்பிடுவது, பரிமாறுவது, கொடுப்பது எல்லாம் வலக்கையால். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அவர் கத்தி பிடிக்கும் கையை அம்மா கவனித்ததே இல்லை. கத்தியை மட்டும்தான் கவனித்திருக்கிறார்.

கத்தி வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்தவர் கையில் ஓடுகிறதென்று வாங்காதீர்கள். உங்கள் கையில் பிடித்துப் பாருங்கள். கைப்பிடிக்குள் இரும்பு கடைசிவரை போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் ஆடும். தக்காளியின் மேல் வைத்து, அழுத்தாமல் இழுக்கும்போதே தோல் வெட்டுப்பட வேண்டும்.

கத்தியோடு இது முடிந்திருக்கும். ஆனால் என் அக்கா சிவதர்ஷினிக்கு டோஹா போக விசா வந்தது. அவள் புருஷன், எங்கள் அத்தான், அங்கேதான் வேலை செய்கிறார். சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா சாதாரணமாகச் சொன்னாள்:

"அம்மா, மஸீனா ஆன்ட்டிகிட்ட ஒரு போத்தல் தூள் வாங்கித் தாங்களேன். அங்க போய் அவங்க தூள்லதான் சமைக்கப் போறேன்."

அம்மா மடித்துக்கொண்டிருந்த துவாயை மறுபடி விரித்து மறுபடி மடித்தார். "சரி" என்றார். அன்று சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டார். நாங்கள் அப்படியே சாப்பிட்டோம்.

தன் மகள் தூரதேசத்தில் அடுப்பு மூட்டும்போது அந்த வீட்டில் யாருடைய வாசம் எழும்பும் என்பதுதான் அம்மாவின் கவலை. எனக்கு அது புரிந்தது.

அடுத்த புதன்கிழமையே அம்மா சாமான் வறுத்தார். கொத்தமல்லியைத் தனியாக, சின்ன நெருப்பில். பிறகு சீரகம், பெருஞ்சீரகம். வெந்தயத்தை மட்டும் நன்றாகச் சிவக்க விடுவார். அது அவருடைய பழக்கம். ஒரு கைப்பிடி அரிசி. கறுவாவைச் சின்னச் சின்னதாக உடைத்து, கராம்போடும் ஏலக்காயோடும் கடைசியில் சேர்த்து, சட்டியின் சூட்டிலேயே பிரட்டி எடுப்பார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் சீரகம் கருகும்போது மல்லி பச்சையாக இருக்கும். சூடு ஆறாமல் மில்லுக்குக் கொண்டு போனால் தூள் கட்டிபடும்.

வழமையாக நாங்கள் சனிக்கிழமைதான் அரைப்போம். ஆன்ட்டியும் அன்றுதான் வருவார். இந்தத் தடவை அவருடைய மூச்சுக்காற்றுக்கூடத் தன் தூளில் படக்கூடாது என்று அம்மா நினைத்தார்.

மில்காரர் நளீம் நானா எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார்.

"என்ன டீச்சர், புதன்கிழமை? அப்ப சனிக்கிழம மஸீனா தாத்தா என்ன செய்வாங்க?" என்றார். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன்.

"அவ என்ன செய்தா எனக்கென்ன?"

"இல்ல, அவங்க உங்களுக்குப் பின்னாலதானே அரைப்பாங்க. முன்னாலயே வந்தாலும் இந்த வாங்குப் பலகையில உக்காந்து, மத்தவங்கள எல்லாம் போகச் சொல்லிட்டு, நீங்க வரும்வரை இருப்பாங்க. உங்க தூள் போன மில்லுல அரைச்சாத்தான் அவங்களுக்குச் சரிவருமாம். என்கிட்ட சொல்லித்தான் வச்சிருக்காங்க, டீச்சருக்குச் சொல்லிடாதீங்கன்னு." பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மில்லை அறிந்தவர்களுக்கு இது தெரியும். ஒருவர் அரைத்த பிறகு கல்லிலும் துணிக்குழாயிலும் கொஞ்சம் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். நளீம் நானா குழாயைத் தட்டி முடிந்தவரை இறக்குவார். மிச்சம் அடுத்தவர் பையில்தான் போகும். மிளகாய் அரைத்தவருக்குப் பின்னால் நிற்க யாரும் விரும்பாதது அதனால்தான். அம்மாவின் சிவந்த வெந்தயம் ஆன்ட்டியின் ஏலக்காயோடு சேர்ந்துதான் ஊரே கேட்கும் அந்த வாசம் வந்திருக்கிறது.

அம்மா சாமான் பையை என் கையிலிருந்து வாங்கினார்.

"சனிக்கிழமையே வாறேன் நானா."

வீட்டுக்கு நடக்கும்போது, "இத்தனை வருஷமா என் பின்னாலயே நின்னிருக்கா, கள்ளி" என்றார். குரலில் கோபம் இருந்தது. நடையில் இல்லை.

சனிக்கிழமை ஆன்ட்டி அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, "வாங்க டீச்சர், நீங்க முதல்ல அரைங்க" என்றார்.

"இல்ல மஸீனா, நீங்கதானே முதல்ல வந்தீங்க. நீங்க அரைங்க."

"சீச்சீ, நீங்க வேலைக்குப் போற ஆள்."

"இன்னைக்கு சனிக்கிழமை, எனக்கு என்ன வேலை?"

வரிசையில் நின்ற ஒரு வயதான பாட்டா, "இந்தக் காலத்துல இப்படி மரியாதையா?" என்று தலையாட்டினார். இரண்டு பேரும் நகரவில்லை. பின்னால் நின்றால் நல்ல தூள் அம்மாவுக்கு. அதை 'நேசம்மா தூள்' என்று சூட்கேஸில் வைக்கலாம். ஆன்ட்டியின் முகம் வாடத் தொடங்கியது.

நளீம் நானா, "ரெண்டையும் ஒண்ணாக் கொட்டுவமா?" என்றார்.

"அப்ப அது யாருட தூள்?" என்றார் ஆன்ட்டி.

"ஆமா, யாரோட தூள்?" என்றார் அம்மா. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று.

பிறகு அம்மா என்னைப் பார்த்தார். "உங்கக்கா கேட்டது இவ தூளைத்தானே" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, தன் பையை முதலில் மில்லின் வாயில் கொட்டினார். அரைத்து முடிந்ததும் நளீம் நானா குழாயைத் தட்டக் கையை ஓங்கினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டாதீங்க நானா. அப்படியே விடுங்க. இன்னைக்கு எல்லாம் கிடக்கட்டும்."

ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார். ஆன்ட்டி தன் சாமானைக் கொட்டினார். அன்று மாலை ஒரு போத்தல் நிறையத் தூள் கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் டோஹாவிலிருந்து அக்கா வொயிஸ் மெசேஜ் அனுப்பினாள். "அம்மா, ஆன்ட்டியோட தூள் இந்தத் தடவை வேற லெவல். அவங்களுக்குச் சொல்லுங்க." அம்மா அதைக் கேட்டார். பாத்திரம் கழுவினார். திரும்ப வந்து மறுபடி போட்டுக் கேட்டார்.

"நான் அக்காகிட்ட உண்மையைச் சொல்லட்டுமா?" என்றேன்.

"வாயைத் திறந்தியோ, தெரியும் உனக்கு! நானே எப்படிச் சொல்றது? யாராவது சொன்னா சொல்லட்டும்."

அன்று இரண்டு கிண்ணங்களை வைத்து அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அக்காவிடம் சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. உங்களுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. டோஹாவில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இதை அனுப்பி வையுங்கள். அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பட்டும். மாத்தளைப் பெண் ஒருத்தி கோழிக்கறி வைக்கும் வீடுவரை போய்ச் சேரட்டும்.