ஏழாம் இடத்துக் கயிறு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது பட்டப்பகலில், முப்பது பேர் நடுவில்.

ஜப்பானில், நகோயாவுக்குத் தெற்கே, பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. அங்கே மேற்பார்வையாளர் குராத்தா. வேலையில் கோளாறு தெரிந்தால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை யாரும் இழுக்கலாம். மணிப்பாட்டு ஒலிக்கும், பலகையில் அந்த இடத்தின் எண் எரியும், உற்பத்தி வரிசையே நின்றுவிடும். மேற்பார்வையாளர் ஓடிவந்து, திட்டாமல், நன்றி சொல்ல வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளத்தான் வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள்.

அவர்கள் வரும் நாளில் மட்டும் குராத்தா எல்லோருக்கும் புதுக் கையுறை கொடுத்துவிட்டு, காதோடு சொல்வார்: “இன்னிக்கி மட்டும் இழுக்காதீங்கப்பா. மானம் போயிடும்.”

போன இலையுதிர்காலத்தில் ஏழாம் இடத்து செகாவா அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். சிக்கிய பாகத்தை இடது கையாலேயே எடுக்கப் போனார். எந்திரம் கைமேலேயே இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை, கயிற்றையும் கழற்றிவிட்டார்கள். சாவு வீட்டில் குராத்தா அவர் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனாலும் தாய்லாந்துக் குழு வந்த அன்று, அதே கையுறை, அதே சொல்.

“மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கு, குராத்தா சான்” என்றான் ஆறாம் இடத்து மியாதா, கையுறையை மாட்டிக்கொண்டே. சிரித்தார்கள். ஏழாம் இடம் கண்ணில் பட்டதும் நிறுத்திக்கொண்டார்கள். பெட்டியில் ஒரு ஜோடி மிஞ்சியது. குராத்தா பழைய கணக்கிலேயே வாங்கியிருந்தார்.

குழு வரிசையைப் பாதி கடந்திருக்கும்.

மணிப்பாட்டு ஒலித்தது.

வரிசை நின்றது. பலகையில்... ஏழு.

குராத்தா ஓடினார். ஆள் இல்லை. கயிறும் இல்லை. பாட்டு மட்டும் ஓயவில்லை. அவர் எப்போது நன்றி சொல்வார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெற்றிடத்தின் முன் குனிந்தார். காது மடல்வரை எரிந்தது.

“...நன்றி, செகாவா சான்.”

பாட்டு நின்றது.

விடைபெறும்போது, ஜப்பான் மொழி தெரிந்த தாய்லாந்துப் பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள்.

“அந்தப் பெரியவரை அப்புறம் காணோமே, குராத்தா சான்? ஒரு கையை முதுகுக்குப் பின்னாலயே வெச்சிருந்தாரு. ‘இன்னிக்கி இழுக்கலாமா’ன்னு என்கிட்ட கேட்டாரு. ‘தாராளமா இழுங்க, அதைப் பார்க்கத்தானே வந்தோம்’னு சொன்னேன்.”



மாலையில் குராத்தா கையுறைப் பெட்டியைத் திறந்தார்.

ஒன்றுதான் இருந்தது.

இடது கைக்கானது.