என் வாயைப் பார்த்துப் படித்தவள்

வாசகரே, உங்களை நடுவராக அழைக்கவில்லை. நடுவருக்குத் தீர்ப்புச் சொல்லும் கடமை உண்டு. அந்தச் சுமையை உங்கள் மீது ஏற்றுவது முறையன்று. சாட்சியாக மட்டும் இருங்கள். என் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டில் வைத்துப் பாடம் சொன்ன முதல் ஐந்து மாதங்களில் நடந்ததை நடந்த வரிசையிலேயே கூறுகிறேன். மிகைப்படுத்தினால் நீங்கள் கையை உயர்த்தலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தொன்பது வயது. திருவண்ணாமலையில் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தாள்களை வீட்டுக்கே கொண்டுவந்து திருத்தலாம். மாலையில் பட்டிமன்ற மேடை. மனைவி கலெக்டர் அலுவலகத்தில் தட்டச்சர். வீட்டின் நிலையான வருமானம் அவருடையது. நிலையான கைத்தட்டல் என்னுடையது.

அந்த ஆண்டு ஆடித் திருவிழா மேடை ஒன்றில் "குழந்தையின் அறிவு வளர்வது பள்ளியிலா, வீட்டிலா?" என்று தலைப்புக் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வீடு வந்தது. இருபது நிமிடம் பேசினேன். பள்ளி என்ற அமைப்பில் செங்கல் மீது செங்கல் இல்லாமல் செய்துவிட்டு அமர்ந்தேன். தீர்ப்பு எங்களுக்கே.

மறுநாள் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "என்னா தலைவரே, நேத்து ஸ்கூலெல்லாம் தரமட்டமாக்கிட்டீங்க. உங்க பாப்பா எங்க படிக்குது?"

என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். மேடையில் எதிரணியின் எந்தக் கேள்விக்கும் விடையின்றி நான் நின்றதில்லை. அன்று டீ ஆறிப்போகும்வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்து என் முடிவை அறிவித்தேன். மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சீட்டுல அந்தப் பக்கம் வந்திருந்தா?"

"பள்ளியே என்று பேசியிருப்பேன்."

"அப்பவும் ஜெயிச்சிருப்பீங்க?"

"ஐயமின்றி."

அவர் டப்பாவைக் கவிழ்த்து வைத்தார். ஆனாலும் உடனே மறுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அறுபது பிள்ளைகள் நெருக்கியமர்ந்த அந்த வகுப்பில் எங்கள் மகள் இரண்டு மாதமாக வாயே திறக்கவில்லை. "பாப்பாவுக்குப் பேச்சு வருமா?" என்று ஆசிரியை கேட்டனுப்பியிருந்தார். பேச்சாளன் வீட்டுக்கு வந்த கேள்வி அது.

"பொங்கல் வரைக்கும் பாக்கலாம்" என்றார் மனைவி. "அதுக்குள்ள தானா எழுத்துக்கூட்டிப் படிக்கணும். இல்லன்னா பொங்கல் லீவு முடிஞ்ச அன்னிக்கு யூனிஃபார்ம் போட்டு நானே கொண்டுபோய் விடுவேன். ஹெச்.எம்.கிட்ட எடம் வச்சிருக்கச் சொல்லிட்டு வரேன்."

மறுநாள் வகுப்பு தொடங்கியது. மகள் பாயில் அமர்ந்தாள். நான் நின்றேன். அருகே ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு தம்ளர் தண்ணீர். ஒன்றாம் வகுப்புப் பாடநூலின் முதல் பக்கத்தை உரிய ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். புத்தகத்தை எட்டிப் பார்த்தபோது தடுத்தேன். ஏட்டைப் பார்ப்பவன் பேச்சாளனாக மாட்டான் என்பது எனக்குப் பயிற்சியளித்தவர்கள் கற்பித்த முதல் விதி. "தலையைக் குனியாதே, அவையைப் பார்" என்றேன். அவை என்று அங்கே இருந்தது அரிசி டிரம் ஒன்றுதான். அவள் அதைப் பார்த்தாள்.

பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை, தீபாவளிக்குள் பாடநூலில் பாதியைக் கணீரென்று சொன்னாள். பக்கம் முடிகிற இடத்தைக்கூட அறிந்து, விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்பினாள். கார்த்திகைத் தீபத்துக்கு வந்த உறவினர்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். அவர்கள் முன் மூன்று பாடங்களை அரங்கேற்றினாள். கைதட்டினார்கள். என் மைத்துனர், "மாமா, இதுக்கு மைக்கே வேணாம்" என்றார். நான் அடக்கமாக அதை ஏற்றுக்கொண்டேன்.

அவர்கள் ஊருக்குப் புறப்பட்ட அன்று மாலை, மனைவி புத்தகத்தை விரித்து, பக்கத்தின் நடுவிலிருந்த ஒரு சொல்லின் கீழ் விரலை வைத்தார்.

"இது என்னா பாப்பா?"

மகள் நிமிர்ந்து அரிசி டிரம்மைப் பார்த்தாள். பக்கத்தின் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். விரல் இருந்த சொல்லைக் கடந்தாள். பக்கத்தை முடித்தாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, இல்லாத தம்ளரிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

மனைவி புத்தகத்தை மூடினார்.

"ஒரு எழுத்தாவது காமிச்சீங்களா?" என்று மனைவி என்னைக் கேட்டார்.

"ஒலியே முதல்; எழுத்து அதன் நிழல்..."

"நீங்க வாயத் தொறந்தா அது உங்க வாயத்தான் பாக்குது. எழுத்த எங்க பாக்கும்? இன்னும் ஒரு மாசம்தான் இருக்குது. காலைல போறதுக்கு முன்னாடி எழுத்து நான் சொல்லித் தரேன். பகல்ல கூட்டிப் படிக்கறதப் பாத்துக்கறது உங்க வேலை. தப்பாப் படிச்சாலும் எடுத்துக் குடுக்கக் கூடாது. பேசாம இருக்கணும், அவ்ளோதான்."

வாசகரே, அந்த மார்கழியை நான் எப்படிக் கழித்தேன் என்பதற்கு நீங்கள் ஒருவரே சாட்சி. மகளோடு தேரடி வீதியில் நடப்பேன். அவள் பாத்திரக்கடைப் பலகையின் முன் நின்று 'பா' என்பாள். அதற்கு மேல் நகர மாட்டாள். மீதிச் சொல் என் தொண்டைக்குள் நின்று துடிக்கும். விழுங்குவேன். கடைக்காரர் வெளியே வந்து, "உள்ள வாங்க சார், என்னா வேணும்?" என்பார். தலையசைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்வோம். ஒரு வாரத்தில், நான் கடன் கேட்க வந்து வெட்கப்படுவதாக வீதியில் ஒரு பேச்சு உலவியது.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது கீழ்பென்னாத்தூரில் எனக்கு ஒரு மேடை. அணித்தலைவர் பொறுப்பு. மகளையும் அழைத்துச் சென்றேன். பேருந்து நிலையத்தில், "கீழ்பென்னாத்தூர் வண்டியை நீயே கண்டுபிடி" என்றேன்.

அவள் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தாள். கீழ்பென்னாத்தூர் என்பது வாய் நிறையும் பெயர். ஆகவே பலகையில் எழுத்து நிறைய இருக்க வேண்டும். அப்படி ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து ஏறினாள். அது போளூர் வழியாகக் கண்ணமங்கலம் போகிற வண்டி. எனக்காக ஒரு மேடையும் ஒலிபெருக்கியும் கிழக்கே காத்திருந்தன. வண்டி வடக்கே புறப்பட்டது. நான் மகளின் அருகே அமர்ந்தேன்.

நடத்துநர் வந்தபோது அவர் காதருகே, "போளூர், ஒரு முழு, ஒரு அரை" என்றேன்.

"ஏன் சார் காதுல சொல்றீங்க? போளூர்ல என்னா ரகசியம்?"

மகள் சன்னலோரம் இருந்தாள். கடைப் பலகைகளையும் சுவர் விளம்பரங்களையும் உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் வண்டி நின்றது. எதிரே சாலையோரப் பலகை. அவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டாள்.

"நா... யு... டு... மங்... மங்க... லம். நாயுடுமங்கலம்!"

நான் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, கீழ்பென்னாத்தூர் போற வழியில நாயுடுமங்கலம் வருமா?"

"வராது" என்றேன்.

போளூரில் இறங்கி எஸ்.டி.டி. பூத்திலிருந்து விழாக் குழுவினரை அழைத்தேன். பேருந்து மாறி ஏறிவிட்டேன் என்றேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"ஏன் சார், ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீங்க. பஸ்ல போர்டு படிக்கத் தெரியாதா?"

அதற்கு என்னிடம் ஒரு முழுநீள விடை இருந்தது. "தெரியாமல் போய்விட்டது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த ஆண்டு அவர்கள் என்னை அழைக்கவில்லை.

திரும்பும் வண்டியை மகளே கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வண்டியின் முன்னும் நின்று, பலகையை முழுதாக வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அப்படி இரண்டு வண்டிகளைத் தவறவிட்டோம்.

அன்று மாலை மனைவி கைப்பையிலிருந்து வீணாய்ப்போன ஒரு தட்டச்சுத் தாளை எடுத்து, நடுவரியில் விரலை வைத்தார். மகள் தலையைக் குனிந்தாள். அரிசி டிரம்மின் பக்கம் திரும்பவேயில்லை. "வி... விண்... விண்ணப்... பம்" என்றாள். பொருள் தெரியவில்லை, சொல் சரியாக இருந்தது. மனைவி இன்னும் மூன்று இடத்தில் விரல் வைத்தார். பிறகு தாளை மடித்தார்.

"ஹெச்.எம்.கிட்ட எடம் வேணாம்னு நாளைக்குச் சொல்லிடறேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, அது தப்பு பஸ்ஸுன்னு அப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சே ஏறி உக்காந்துச்சு."

"ஏங்க, நெசமாவா?"

"எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றாயே."

"படிக்கும்போது சொன்னேன். மேடையக் கூடவா விட்டுட்டு வருவாங்க?"

மகளின் வழக்கு அதுவன்று. "நான் கேட்டாக்கூட சொல்லியிருக்க மாட்டியாப்பா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் எழுந்து நின்றேன். முன்னுரையோ மேற்கோளோ அகப்படவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை.

"நீ கேட்டா சொல்றேன்" என்றேன். "கேக்காத வரைக்கும் சொல்ல மாட்டேன்."