கழுத்தில் நெட்டி எடுத்த அன்று

நாற்காலியிலிருந்து எழுந்த செய்யது பாய் அப்படியே தள்ளாடினார். கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றார். அவர் கழுத்தில் நான் நெட்டி எடுத்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தாராவியில் சலூன் வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. செய்யது பாய் இரண்டு சந்து தள்ளி லெதர் பை தைக்கிறவர். நாள் முழுக்க மிஷின் மேல் குனிந்தபடியே வேலை. பிடரியில் ஆரம்பிக்கும் வலி தலையின் வலது பக்கமாக ஏறிக் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பார். மாத்திரை தின்று பார்த்தார், மூக்குக் கண்ணாடியை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. என் கடையில் தலையையும் தோளையும் பிடித்துவிடும் மாலிஷ் முடிந்ததும் தாடையையும் பின்மண்டையையும் பிடித்து ஒரு வெட்டு வெட்டித் திருப்புவேன். 'டக்' என்று சத்தம் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி, எனக்கும் பெருமை. சாயங்காலம் வரை வலி இருக்காது. அப்புறம் அதற்கென்றே வாராவாரம் வர ஆரம்பித்தார். அன்று வலி அதிகம் என்றார், நானும் கொஞ்சம் பலமாகவே திருப்பிவிட்டேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். உண்மையைச் சொல்கிறேன், முதலில் என் கடையைத்தான் நினைத்தேன். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளின் முகம் அதற்கப்புறம்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். எங்காவது விழுந்தாரா, அடிபட்டதா என்று ஹிந்தியில் கேட்டார். செய்யது பாய் கண்ணைத் திறக்காமலே, முடிவெட்ட உட்கார்ந்திருந்தேன், தானாக வந்தது என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. காதுக் கோளாறாக இருக்கும் என்று சீட்டில் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

நான் முழிப்பதைப் பார்த்து செய்யது பாய் என் கையைப் பிடித்தார். "விடுங்க அண்ணாச்சி. போலீசு கேசுன்னு வந்தா உங்க கடைய இழுத்து மூடிருவானுவோ."

நிற்கக்கூட முடியாத மனுஷன் என் கடையைப் பற்றிக் கவலைப்படுகிறார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டாக்டர் பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், மேரே ஹாத் ஸே ஹுவா."

என் கையால்தான் இப்படி ஆனது என்று சொல்லி, எப்படிப் பிடித்தேன், எந்தப் பக்கம் திருப்பினேன் என்று செய்து காட்டினேன். டாக்டரின் முகம் மாறிவிட்டது. சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொன்னார். ஸ்கேனில், கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று உள்ளே கிழிந்திருப்பது தெரிந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் பக்கவாதம் வந்திருக்கலாம், உயிரே போயிருக்கலாம் என்றார். போலீசைக் கூப்பிடவில்லை. திட்டிய திட்டை மட்டும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன்.

செய்யது பாய் எழுந்து நடமாடச் சில மாதங்கள் ஆயின. இப்போதும் வேகமாகத் திரும்பினால் தடுமாறுகிறார். கழுத்து மூட்டும் தசையும் இறுகினால் வலி தலைக்கு ஏறும், முதலில் உட்காரும் விதத்தை மாற்றுங்கள் என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருக்கிறார். மிஷின் மேஜைக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தியாகிவிட்டது. அரை மணிக்கொரு தடவை எழுந்து தோளைச் சுழற்றுகிறார், ராத்திரியில் வெந்நீர்ப் பை வைக்கிறார். தலைவலி எப்போதாவதுதான் வருகிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், யார் கெஞ்சினாலும் கழுத்தைத் திருப்பாதீர்கள். திடீரென்று பலமான தலைவலி, கை மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது என்று யாராவது சொன்னால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நெட்டி எடுத்தது நான் தெரியாமல் செய்த தப்பு. டாக்டர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றது தெரிந்தே செய்தது. செய்யது பாய் இன்றும் பார்ப்பவர்களிடமெல்லாம், "அண்ணாச்சிதான் என் உசுரக் காப்பாத்துனாவ" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.