காய்ச்சல் விசாரிக்க வந்தவர்கள்

என் வேலை கணக்குப் போடுவது. இரண்டு சுவாச வைரஸ்கள் ஒரே ஊரில் சேர்ந்து சுற்றினால் எந்தத் தடுப்பூசியை யாருக்கு முதலில் போடுவது என்று, கணினியில் ஒரு பொய் ஊரை ஓடவிட்டுப் பார்ப்பேன். அந்த ஊரில் காய்ச்சல் வந்தவர் வீட்டோடு முடங்கிவிடுவார், யாரையும் பார்க்க மாட்டார். அதனால் ஃப்ளூ வந்தவருக்குக் கொரோனா லேசில் தொற்றாது. நானே எழுதிவைத்து, நானே நம்பினேன்.

முத்தியால்பேட்டை வீட்டில் அம்மாவுக்கு ஃப்ளூ வந்தது. காலமெல்லாம் மார்க்கெட்டில் மீன் விற்றவள், ஏற்கெனவே இளைப்புக்காரி. கொரோனா ஊசி போட்டு வருஷக்கணக்காகியிருந்தது. ஃப்ளூ ஊசி என்று ஒன்று இருப்பதையே நான் அவளிடம் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் ஊசிக் கணக்குப் போட்ட லட்சணம் இது.

மறுநாளே வாசலில் செருப்புகள் சேர்ந்துவிட்டன. மார்க்கெட் பெண்கள், பக்கத்து வீட்டார், சொந்தக்காரர்கள். ஒருத்தி நண்டு ரசம் கொண்டுவந்தாள், இன்னொருத்தி பிரெட்டும் சாத்துக்குடியும். எல்லாரும் கட்டிலோரம் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி இருமிக்கொண்டே, "எனக்கும் ரெண்டு நாளா முடியலக்கா. அதுக்காக ஒன்னப் பாக்காம இருக்க முடியுமா?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணக்குக்கு நேர்மாறாக, படுத்த பிறகுதான் அம்மா இத்தனை பேரைப் பக்கத்தில் வைத்துப் பேசினாள்.

கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதடா. அவங்க வூட்ல ஒண்ணுன்னா நாம போவாம இருந்தமா?"

சாத்தினால் அவள் மனசு உடையும், திறந்திருந்தால் இன்னொரு வைரஸும் உள்ளே வரும். ஒற்றை அறை வீட்டில் முகக்கவசத்தோடு சுவருக்குச் சுவர் நடந்தேன். வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டதும் நான்தான். பொறியில் மாட்டிய எலிக்குக்கூட அந்த வேலை இருக்காது.

ஆறாம் நாள் கொரோனாவும் உறுதியானது. ஆஸ்பத்திரியில் தனி வார்டு. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும், அதுவும் பத்து நிமிஷம் அனுமதி. ஆக்சிஜன் மாட்டியிருந்த அம்மா என்னைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, யாருமே வரலியா?"

வரவிடாமல் செய்தவன் நான். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத் திட்டியிருந்தேன்.

"கீழ நிக்கிறாங்கம்மா. உள்ள வுட மாட்டேன்றாங்க."

அவள் முகம் தெளிந்தது. "வெயில்ல எதுக்கு நிக்கிறாங்க? வூட்டுக்குப் போவச் சொல்லு. நாளைக்கி வந்தாப் போதும்."

மறுநாள் அத்தனை பேரும் வீட்டுக்கு வந்தார்கள், கையில் மாலையோடு.