கொல்லையை விற்காதே என்றது யார்?

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நோய் வந்திருப்பதாக என் உடம்பு சொன்ன முதல் சேதி அதுதான். அரியலூர் கடைத்தெருவில் பல வருடங்களாக ரவிக்கை தைப்பவள் நான். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிக் கொண்டுபோனால், ஊசிக் காதுக்குப் பக்கத்தில் போனதும் நூல் ஆடும். கண் மங்கிவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வாங்கினேன். போட்ட பிறகு, நூல் ஆடுவது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அப்புறம் பசி. தின்னத் தின்ன இளைத்தேன். என் ரவிக்கைகளையே பிரித்துப் பிரித்துச் சிறிதாக்கினேன். மார்கழிக் குளிரில் ஃபேனைப் போட்டால், என் கணவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு முனகுவார்.

கோபம் கடைசியாக வந்து முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது. "கை கொஞ்சம் இறுக்கமா இருக்குக்கா" என்று ஒரு பெண் சொன்னாள், அவ்வளவுதான். ரவிக்கையை அவள் கையிலிருந்து பிடுங்கி மேசையில் அடித்தேன். அவள் பிறகு வரவேயில்லை.

முதலில் பார்த்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த வயசுல அப்படித்தாம்மா. டென்ஷன் ஆகாம இருங்க" என்று சத்து மாத்திரை எழுதினார். டென்ஷன் ஆகாதே என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு டென்ஷன் ஏறியது.

இதற்கு நடுவில் கொல்லை விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உடையார்பாளையம் பக்கம் எனக்கொரு முந்திரிக் கொல்லை உண்டு. தையல் காசில் வாங்கியது, பத்திரம் என் பேரில். அதை மனை போடக் கேட்டு ஒரு புரோக்கர் நடையாய் நடந்தார். என் கணவர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். கொல்லையை விற்றுச் சொந்த லாரி வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது தப்பான ஆசை இல்லை. ஆனால் அது என் கொல்லை. சோறு போடும்போதும் பாய் விரிக்கும்போதும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் காதில் விழவேயில்லை.

பெரம்பலூரில் இருக்கும் என் நாத்தனார், குலதெய்வத்துக்குச் செய்தால் எல்லாம் சரியாகும் என்றார். எங்கள் குலதெய்வம் இருக்கும் சிறுவாச்சூர் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள் என்பதால், நாங்கள் போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். வெயில், கற்பூரப் புகை, மேளம். வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. கைகள் தூக்கிப் போட்டன.

"அய்யோ, ஆத்தா வந்துட்டாடா!" என்று நாத்தனார் கத்தினார். "யாரும்மா வந்திருக்கறது? சொல்லு தாயி!"

"தள்ளுங்க எல்லாரும்! மூச்சு முட்டுது!"

கூட்டம் பயபக்தியோடு விலகியது. என் கணவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி என் முன்னால் நின்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி நின்றதே கிடையாது. "என்ன குறைன்னு சொல்லு ஆத்தா" என்றார்.

எனக்கு இருந்த எரிச்சலில், "கொல்லைய விக்கக் கூடாது! அதத் தொட்டா சும்மா வுட மாட்டேன்!" என்று கத்தினேன்.

"சரி ஆத்தா, தொடல" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

எனக்குச் சாமி வரவில்லை. வேர்த்தது, நடுங்கியது, கோபம் வந்தது. ஒரு வருடமாகச் சொன்னதையே அங்கேயும் சொன்னேன். பெண்டாட்டி சொன்னபோது ஏறாதது ஆத்தா சொன்னதும் ஏறிவிட்டது. அன்றிலிருந்து புரோக்கரின் போனை அவர் எடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கிடைத்த மரியாதையை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அடுத்த சில வாரங்களில், கணவரோடு நாத்தனார் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சு தாறுமாறாக அடித்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு கையையும் நீட்டுங்க" என்று விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

தைராய்டு (கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி) அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார். டி.எஸ்.எச். (அந்தச் சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளையடியில் இருந்து வரும் கட்டளை) ஏறக்குறைய இல்லவே இல்லை. கட்டளை நின்ற பிறகும் சுரப்பி அடங்கவில்லை. அது சுரப்பது ரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் விரட்டுகிறது. நடுக்கமும் பசியும் வேர்வையும் சிடுசிடுப்பும் அதனால்தான்.

எனக்கு அழுகை வந்தது. பைத்தியம் இல்லை, பொல்லாதவளும் இல்லை, சுரப்பி! அந்த நிம்மதி அரியலூர் பஸ் ஏறும் வரைக்கும்தான் நீடித்தது.

பஸ்ஸில் என் கணவர் வெகுநேரம் யோசித்துக்கொண்டே வந்தார். திடீரென்று சிரித்தார். "அப்போ அன்னைக்குக் கோயில்ல பேசுனது ஆத்தா இல்லியா? தைராய்டா?"

அந்த வாரமே புரோக்கர் வீட்டுக்கு வந்தார்.

இதே நோய் கண்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாத்திரை வேலை செய்யும், ஆனால் மெதுவாக. படபடப்பை அடக்கும் மாத்திரை சில நாட்களில் கை கொடுத்தது. சுரப்பியை அடக்கும் மாத்திரைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள் (வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம்). நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

மாத்திரை சரிசெய்யாத ஒன்றும் இருக்கிறது. குழம்பில் நான் உப்பு மறந்தால் என் கணவர், "மாத்திரை போட்டியா?" ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதீங்க என்றால், "டாக்டரப் பாத்துட்டு வருவமா?" கொல்லைப் பேச்செடுத்தால், "மொதல்ல ஒடம்பு சரியாவட்டும், அப்புறம் பேசுவோம்." முன்பு பெண்டாட்டி பேச்சு என்று தள்ளினார். இப்போது ரத்த ரிப்போர்ட்டைக் காட்டித் தள்ளினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதையும் காட்ட முடியாது, காட்டினால் அதுவும் நோய்க் கணக்கில் சேரும்.

என் மனதிலும் சந்தேகம் புகுந்துவிட்டது. கொல்லை மேல் இருக்கும் பிடிவாதம் என்னுடையதுதானா? டாக்டரம்மாவிடமே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "சுரப்பி சத்தத்தக் கூட்டும்மா. இல்லாத பேச்ச அது பேச வைக்காதுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. அளவு சரியானப்புறம் நீங்களே யோசிச்சுப் பாருங்க. அப்பவும் அதையே சொன்னீங்கன்னா அது உங்க பேச்சு."

காத்திருந்தேன். ரிப்போர்ட்டில் அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. உடம்பில் சதை பிடித்தது. ஃபேனை அணைத்துவிட்டுப் போர்வை கேட்டேன். கொல்லையைப் பற்றித் தினமும் நிதானமாக யோசித்தேன். பதில் மாறவில்லை.

மறுபடி புரோக்கர் வந்த அன்று தையல் மெஷின் முன்னால் இருந்தேன். என் கணவர், "செல்வி, இப்பதான் ஒனக்கு நல்லா ஆயிடுச்சுல்ல, கையெழுத்தப் போட்டுரு" என்றார்.

ஒரு ஊசியை எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் பார்க்கவே நூலைக் கோத்தேன். ஒரே தடவையில் போனது.

"விக்க மாட்டேங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

அவர் என் கையையே பார்த்தார். மாத்திரை போட்டியா என்று கேட்க வாயெடுத்துவிட்டுக் கேட்காமல் விட்டார். புரோக்கர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். கணவர் இரண்டு நாள் பேசவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தக் கோபம் அவருடையது, அதற்கு நான் மாத்திரை தேடவில்லை.

இன்னும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நோய் மறுபடி வரலாம் என்கிறார்கள். முன்பு கோபம் வந்தால் உடனே வாயைத் திறப்பேன். இப்போது முதலில் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கிறேன். நேற்று அவர் ஈரத்துண்டை மறுபடியும் கட்டிலில் போட்டார். விரலை வைத்துப் பார்த்தேன். நாடி நிதானமாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஆசை தீரத் திட்டினேன்.